கண்ணீருக்கும் பாலுக்கும் ஒரே வேர்

1921-ஆம் ஆண்டின் கடைசியில், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்குச் சளி பிடித்திருந்தது. தன் மூக்குச்சளியையே எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் இட்டுப் பார்த்தார். சளி பட்ட இடத்தைச் சுற்றி ஒரு வகைப் பாக்டீரியா கரைந்து போயிருந்தது. கண்ணீர், எச்சில், கோழிமுட்டையின் வெள்ளைக்கரு என எதை இட்டாலும் அதேதான் நடந்தது. இப்படிக் கரைத்த நொதிக்கு 1922-இல் லைசோசைம் என்று பெயர் வைத்தார். பாக்டீரியாவின் சுவரில் பின்னிக் கிடக்கும் சர்க்கரைச் சங்கிலியை அது வெட்டும். சுவர் போனால் உயிரும் போகும்.

கண்ணைக் காக்கும் இந்த நொதிக்குப் பாலிலும் ஓர் உறவு உண்டு என்பது 1967-இல்தான் தெரிந்தது. பசும்பாலில் உள்ள ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற புரதத்தின் அமினோ அமில வரிசையை டியூக் பல்கலைக்கழகத்தில் கீத் புரூவும் உடன் இருந்தவர்களும் படித்தார்கள். அது கோழிமுட்டை லைசோசைமோடு ஏறத்தாழ 40 சதவீதம் ஒத்துப்போனது. இரண்டும் ஒரே மரபணுவின் வழிவந்தவை.

மரபணு எப்போதாவது தவறுதலாக இரண்டு படிகளாகிவிடும். ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றது தடையின்றி மாறலாம். 1970-இல் மரபியலாளர் சுசுமு ஓனோ தன் நூலில் வலியுறுத்திய கருத்து இது. இங்கே மாறிய படி, கிருமியை வெட்டும் திறனையே இழந்தது. பதிலாக, பால் சுரப்பியில் உள்ள வேறொரு நொதியோடு சேர்ந்து அதைத் திசைதிருப்பக் கற்றது. அந்தக் கூட்டு, குளுக்கோஸையும் காலக்டோஸையும் இணைத்து லாக்டோஸ் ஆக்குகிறது. லாக்டோஸ்தான் பாலுக்குள் தண்ணீரை இழுக்கிறது. ஆல்ஃபா லாக்டால்புமின் இல்லாதபடி ஆய்வுக்கூடத்தில் மாற்றப்பட்ட எலிகளின் பால் கெட்டியாகிவிட்டது. குட்டிகளால் அதை உறிஞ்சவே முடியவில்லை.

பால் என்றதும் நாம் முதலில் உணவையும் பிறகே காவலையும் நினைக்கிறோம். எனக்கு அந்த வரிசை தலைகீழாகத் தோன்றுகிறது. முட்டையிடும் பாலூட்டியான எக்கிட்னாவுக்கு முலைக்காம்பு கிடையாது. பால் தோலில் கசியும். அந்தப் பாலிலும் லைசோசைம் உண்டு. பாலூட்டிகளின் முன்னோரது ஈரத்தோலில் ஒட்டிக்கிடந்த முட்டையையும் குஞ்சையும் கிருமியிடமிருந்து காத்த கசிவே பிறகு ஊட்டமானது என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். காவல் முதலில், சோறு பிறகு. இந்த நொதிக் குடும்பத்தின் கதை அதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

குடும்பத்தின் இன்னொரு கிளை வயிற்றுக்குப் போனது. அசைபோடும் மாட்டின் முன்வயிற்றில் பாக்டீரியாக்கள் புல்லைப் புளிக்கவைக்கின்றன. பிறகு அந்தப் பாக்டீரியாக்களையே மாடு செரித்துக்கொள்கிறது. உடைப்பது லைசோசைம். வயிற்று அமிலத்தையும் பெப்சின் என்ற செரிமான நொதியையும் தாங்கும்படி அது மாறியிருக்கிறது. மாட்டில் இதன் மரபணுவும் பத்துப் படிகள் அளவுக்குப் பெருகியிருக்கிறது. நம் ஊர்க் கோயில்களிலும் காடுகளிலும் திரியும் சாம்பல் மந்தியும் இலையைப் புளிக்கவைத்தே வாழ்கிறது. அதன் வயிற்று லைசோசைமை 1987-இல் கரோ-பெத் ஸ்டீவர்ட், ஆலன் வில்சன் குழுவினர் படித்தபோது, மாட்டில் கண்ட அதே மாற்றங்கள் சில அதே இடங்களில் தனியாக வந்திருந்தன. குரங்கும் மாடும் நெருங்கிய உறவல்ல. வயிற்றின் தேவைதான் ஒன்று.

மனிதத் தாய்ப்பாலில் லைசோசைம், ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற இரு உறவினரும் சேர்ந்தே இருக்கிறார்கள். பசும்பாலைவிடப் பன்மடங்கு லைசோசைம் இதில் உண்டு. குழந்தை வளர வளர, இரண்டாம் ஆண்டிலும், பாலில் அதன் செறிவு கூடுகிறது. ஒரு வயதுக்கு மேல் தாய்ப்பாலில் ஒன்றுமில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால், இளம் தாய்மார்களே, தயவுசெய்து அதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.