தோலுக்கு அடியில் போகும் காசு

மாடு வண்டியில் ஏறாமல் அடம்பிடித்தால் முதுகில் நாலு போடுவது நம்ம பழக்கம். ‘தடிச்ச தோலு, ஒண்ணும் ஆகாது’ என்போம். தோலுக்கு ஒன்றும் ஆகாதுதான். உள்ளே சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அறுந்து சதைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். முடி மூடியிருப்பதால் விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. உரித்த பிறகுதான் தெரியும். ரத்தம் கட்டிய கறி சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் அந்த இடத்தை வெட்டி எறிந்தே ஆகணும்.

கறிமாடு பெருந்தொழிலாக உள்ள அமெரிக்காவில் 2016-ல் அறுவைக்கூடங்களில் ஒரு தர ஆய்வு நடந்தது. 100 மாட்டில் ஏறக்குறைய 39-க்கு ரத்தக்கட்டு இருந்திருக்கிறது. முதுகை ஒட்டி விழுந்தால் நஷ்டம் கூடுதல். விலை கூடிய கறி அங்கேதான் இருக்கு.

இந்த நஷ்டம் யாருக்கு? உரித்த எடைக்குப் பணம் என்றால் எறிவதெல்லாம் நேராக நம்ம காசு. உயிர் எடைக்கோ கண்மதிப்புக்கோ விற்றால் வியாபாரிக்கு என்று நினைப்போம். அவர் என்ன சும்மா இருப்பாரா? இவ்வளவு கழிவு போகும் என்று கணக்குப் போட்டுத்தான் விலையே சொல்வார். பதமாக ஏற்றி அனுப்பியவருக்கும் அதே விலைதான்.

கொம்பும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில் 1970-களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கொம்பு மாடுகளில் ரத்தக்கட்டு மோழை மாடுகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. கொம்பு நுனியைச் சீவிவிட்டும் குறையவில்லை. அதற்காக நம்ம நாட்டு மாட்டுக்குக் கொம்பை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்றுக்கொன்று பழகாத மாடுகளை ஒரே வண்டியில் அடைக்காமல் இருந்தாலே பாதி முட்டல் குறையும்.

மாடு ஏன் ஏற மறுக்கிறது என்பதை அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் மாடு போகும் வழியிலேயே நடந்து பார்த்துச் சொன்னார். தரையில் விழும் நிழல், ஆடும் சங்கிலி, தொங்கும் துணி, இருட்டான வாசல்... இவைதான் அதை மிரட்டுகின்றன. அதை எடுத்துவிட்டால் குச்சிக்கு வேலை குறையும். வண்டித் தட்டு உயரத்துக்குத் தோட்டத்தில் ஒரு மண்மேடு போட்டுக்கொள்ளுங்கள். குதிக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். தட்டில் சறுக்காதபடி மணலும் வைக்கோலும் பரப்புங்கள். துருத்தி நிற்கும் ஆணி, கம்பி இருக்கிறதா என்று பக்கப் பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். செம்மறியை ரோமத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், பிடித்த இடமெல்லாம் கன்றிவிடும். வளைவில் மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரிடம் கிளம்பும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.