ஒருநாள் ஹயரில் காத்திருப்புக்கும் விலை உண்டு

வேன் வைத்திருக்கும் வியாபார நண்பர்களே! ஒரு குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்தைச் சுற்றிக்காட்ட ஒருநாள் ஹயர் பேசியபோது, கிலோமீட்டரை மட்டும் கணக்கிட்டு நான் நட்டப்பட்டேன். ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய கோட்டை, நல்லூர், கீரிமலை எல்லாம் வேனிலேயே பார்க்கலாம். நயினாதீவு அப்படியல்ல. பண்ணைப் பாலம் வழியே புங்குடுதீவின் குறிகட்டுவான் வரைதான் வேன் போகும், அப்பால் படகு. அவர்கள் அம்மன் கோயிலும் நாகவிகாரையும் பார்த்துத் திரும்ப 4 மணித்தியாலம். வேனும் சாரதியும் இறங்குதுறையில் முடங்கினர். வேறு ஹயரும் இல்லை.

ஆகவே காத்திருப்புக் கட்டணம், சாரதியின் சாப்பாடு, படகுச் செலவு யாருடையது என்பதைப் புறப்படுமுன் எழுதிக் கொடுங்கள். முன்கூட்டிச் சொன்ன தொகையை மனங்கோணாமல் தருவார்கள். இறங்கும்போது கேட்டால்தான் தகராறு.