வெள்ளியின் முகம் தெரிந்த விதம்

விடியற்காலையில் கிழக்கே பளிச்சென்று நிற்கும் விடிவெள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்புதான் அதன் முகத்திரை. கந்தக அமில மேகங்கள் வெள்ளிக் கோளை முழுக்கப் போர்த்தியிருக்கின்றன. எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் தரையின் மேடுபள்ளம் கண்ணுக்குப் படாது. இறங்கிப் பார்க்கலாம் என்றால், கீழே சுமார் 465 டிகிரி செல்சியஸ் வெப்பம். 1982-ல் இறங்கிய சோவியத் கலம் வெனேரா 13 தாக்குப்பிடித்தது 127 நிமிடங்கள்தான்.

ஒளி நுழையாத இடத்தில் ரேடார் அலை நுழையும். 1990 ஆகஸ்டில் வெள்ளியைச் சென்றடைந்த நாசாவின் மெகல்லன் விண்கலம் 12.6 சென்டிமீட்டர் அலைகளைச் சாய்வாகக் கீழே அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியைப் படமாக்கியது. கரடுமுரடான பாறைத் தரை அலையை நாலாபுறமும் சிதறடிக்கும். அதில் ஒரு பங்கு கலத்துக்கே திரும்பும். படத்தில் அந்த இடம் வெளுப்பாக விழும். வழவழப்பான சமவெளியோ அலையை அப்பால் தள்ளிவிடும், அது கருப்பு. ஆக, அந்தப் படங்களில் நாம் பார்ப்பது நிறத்தை அல்ல, பெரும்பாலும் சொரசொரப்பைத்தான். புத்தகங்களில் வரும் ஆரஞ்சு வெள்ளி, பின்னால் பூசப்பட்ட வண்ணம்.

மெகல்லனின் பெரிய ஆன்டெனா, வாயேஜர் திட்டத்தில் மிஞ்சியது. பார்ப்பதும் பேசுவதும் அது ஒன்றில்தான். ஒவ்வொரு சுற்றிலும் வெள்ளியைப் பார்த்துப் பதிவு செய்யும். பிறகு பூமியின் பக்கம் திரும்பிப் பதிவை அனுப்பும். ஒரு சுற்றுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு நீண்ட பட்டை. 'நூடுல்ஸ்' என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். வெள்ளி தன்னைத்தானே சுற்ற 243 நாள் ஆகும். அந்த மெதுவான சுழற்சியே பட்டைகளை அடுத்தடுத்து அமைத்துக் கொடுத்தது. 1994-க்குள் தரையில் 98 விழுக்காடு படமாகிவிட்டது. அந்த வரைபடத்தில் லட்சுமியின் பெயரில் ஒரு பீடபூமியும் இருக்கிறது.

எனக்கு வியப்பு தருவது அதற்குப் பிறகு நடந்தது. மாட் மோன்ஸ் என்ற எரிமலையருகே ஓர் எரிமலைவாயை மெகல்லன் 1991 பிப்ரவரியிலும் அக்டோபரிலும் படமெடுத்திருந்தது. முதல் படத்தில் அது ஏறக்குறைய வட்டம். பரப்பு சுமார் 2.2 சதுர கிலோமீட்டர். எட்டு மாதத்தில் உருக்குலைந்து ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. ஆனால் இரண்டு முறையும் ரேடார் பார்த்த கோணம் வேறு. வேறுபாடு தரையிலா, கோணத்திலா? ஆய்வாளர்கள் ராபர்ட் ஹெரிக்கும் ஸ்காட் ஹென்ஸ்லியும் அந்த வாயைக் கணினியில் பல வடிவங்களில் உருவாக்கி, ஒவ்வொன்றும் ரேடாரில் எப்படித் தெரியும் என்று ஒப்பிட்டார்கள். தரையே மாறியிருக்கிறது என்பது உறுதியானது. அதாவது, மெகல்லன் சுற்றிக்கொண்டிருந்த நாளிலேயே கீழே எரிமலை இயங்கியிருக்கிறது. இது வெளியானது 2023-ல். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரு படங்களும் கிடங்கில் அருகருகே கிடந்தன.

மெகல்லன் படங்கள் இன்று இணையத்தில் யாருக்கும் இலவசம். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.