திருநெல்வேலிப் பகுதியில் தொடக்ககாலத் தொலைக்காட்சி

திருநெல்வேலிப் பகுதியில் பலர் முதன்முதலில் கண்ட தொலைக்காட்சி ஒளிபரப்பு இலங்கையின் ரூபவாகினி ஆகும். நேர்த்தொலைவில் இந்நகருக்குச் சென்னையை விடக் கொழும்பே அருகில் உள்ளது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆகஸ்ட் 15, 1975 இல் தொடங்கப்பட்டது. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதாலும் புவி வளைந்திருப்பதாலும் அதன் ஒளிபரப்பு தாமிரபரணிப் பள்ளத்தாக்கை எட்டவில்லை. 1946 இல் மீண்டும் தொடங்கிய பிரித்தானியத் தொலைக்காட்சியும் இவ்வாறே 1949 வரை இலண்டன் வட்டாரத்துக்குள் அடங்கியிருந்தது.

ரூபவாகினி பெப்ரவரி 15, 1982 இல் தொடங்கியது. அதன் அலைபரப்பி 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதலாகலை மலையில் அமைந்தது. கடலின் மேலுள்ள காற்றடுக்குகளின் வெப்பநிலை வேறுபாடும் அலைகளை வளைத்து நெடுந்தொலைவு கடத்தியது. இதனைப் பெற வீட்டு மாடிகளில் உயரமான ஆண்டெனாக்கள் தென்கிழக்கு நோக்கி நிறுத்தப்பட்டன. வானிலை மாறினால் படம் மங்கும். பின்னர் கொடைக்கானல் உயர்திறன் அலைபரப்பியின் வழியே தூர்தர்ஷன் தென்மாவட்டங்களை அடைந்தது.