உங்களுக்குத் தெரியுமா? எக்ஸெல் செக்பாக்ஸ்

டிக்கை எடுத்த பிறகும் ‘ஆம்’ என்றே சொல்லும் செக்பாக்ஸ் எக்ஸெலில் உண்டு. ஃபார்ம் கன்ட்ரோல் வகையில் டிக் இருந்தால் அதன் மதிப்பு 1. இல்லாவிட்டால் 0 என்றுதானே நினைப்போம்? இல்லை, -4146! மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவில் பூஜ்யம் அல்லாத எந்த எண்ணும் ‘இஃப்’ கட்டளைக்கு உண்மைதான். அதனால் ‘இஃப் செக்பாக்ஸ்.வேல்யூ தென்’ என்று மொட்டையாக எழுதினால், டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேக்ரோ உள்ளே நுழைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். ‘எக்ஸ்எல்ஆன்’ மாறிலியோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

*

ஷீட்டில் வைக்கும் இன்னொரு வகை ஆக்டிவ்எக்ஸ். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், குணத்தில் சம்பந்தமே கிடையாது. ஆக்டிவ்எக்ஸ் ஒழுங்காக ட்ரூ, ஃபால்ஸ் என்று சொல்லும். ‘ட்ரிபிள்ஸ்டேட்’டை இயக்கி வைத்தால் மூன்றாவதாக ‘நல்’ என்றும் சொல்லும்.

ஆனால் மேக் கணினியில் இது வேலை செய்யாது. 2014 டிசம்பரில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பல அலுவலகங்களில் விண்டோஸ் எக்ஸெலிலும் இவை அசையாமல் நின்றன. டெம்ப் ஃபோல்டரில் ஒளிந்திருந்த ‘எம்எஸ்ஃபார்ம்ஸ்.இஎக்ஸ்டி’ கோப்பை அழித்த பிறகே உயிர் வந்தது. ஆஃபிஸ் 2024 பதிப்பிலோ ஆக்டிவ்எக்ஸ் முடக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. புதிதாக ஒரு ஃபைல் தொடங்குபவர் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி.

*

ஆக்டிவ்எக்ஸ் செக்பாக்ஸின் மதிப்பை மேக்ரோவே மாற்றினாலும் அதன் கிளிக் நிகழ்வு ஓடும். ‘எனேபிள்ஈவென்ட்ஸ்’ஸை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் அந்தச் சுவிட்சுக்கு இது கட்டுப்பட்டதல்ல. சொந்தமாக ஒரு பூலியன் மாறி வைத்துத் தடுப்பதுதான் வழி. ஃபார்ம் கன்ட்ரோலில் இந்தத் தொல்லை இல்லை: கையால் சொடுக்கினால் மட்டுமே மேக்ரோ ஓடும்.

*

நூறு ஃபார்ம் கன்ட்ரோல் செக்பாக்ஸுக்கு நூறு மேக்ரோ தேவையில்லை. எல்லாவற்றின் ‘ஆன்ஆக்‌ஷன்’ பண்பிலும் ஒரே மேக்ரோவின் பெயரைக் கொடுங்கள். அழைத்தது யார் என்பதை ‘அப்ளிகேஷன்.காலர்’ சொல்லிவிடும். அந்தப் பெயரை வைத்து ‘டாப்லெஃப்ட்செல்’லைக் கேட்டால் எந்த வரிசை என்பதும் தெரிந்துவிடும்.

*

ஃபார்ம் கன்ட்ரோல்களில் எல்லா டிக்கையும் அழிக்க லூப் எதற்கு? ‘ஆக்டிவ்ஷீட்.செக்பாக்ஸஸ்.வேல்யூ = எக்ஸ்எல்ஆஃப்’. ஒரே வரி! இந்த ‘செக்பாக்ஸஸ்’ மறைக்கப்பட்ட உறுப்பு என்பதால் ஆப்ஜெக்ட் பிரவுசரில் சாதாரணமாகக் கண்ணில் படாது.

*

செக்பாக்ஸை நகலெடுத்து கீழே பத்து வரிசைக்கு ஒட்டினால் பத்தும் பழைய லிங்க் செல்லையே, அதாவது டிக்கின் மதிப்பு போய் விழும் செல்லையே, பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்றில் டிக் அடித்தால் பத்திலும் விழும். வரிசையை நீக்கினாலும் அதன் மேலிருந்த செக்பாக்ஸ் போகாது, அடுத்ததன் மேல் ஏறி உட்காரும். கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும், அடியில் ஐந்தாறு கிடக்கும்.

*

விபிஏவில் ‘ட்ரூ’வின் எண் மதிப்பு -1, ஷீட் ஃபார்முலாவில் அதுவே 1. மேக்ரோவில் 12 ட்ரூவைக் கூட்டினால் -12 வரும்.

*

கூகுள் ஷீட்ஸ் 2018இல் கொடுத்த வசதியை, செல்லுக்குள்ளேயே இருக்கும் செக்பாக்ஸை, மைக்ரோசாஃப்ட் 365 எக்ஸெல் 2024இல்தான் எல்லோருக்கும் கொடுத்தது. இதில் லிங்க் செல் கிடையாது, செல்லின் மதிப்பே ட்ரூ அல்லது ஃபால்ஸ். ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் டிக் மாறும். டிக் விழுந்த செல்லில் டெலீட்டை ஒருமுறை அழுத்தினால் டிக் போகும், மறுமுறை அழுத்தினால் பெட்டியே போய்விடும். மேக்ரோ எழுதுபவருக்கு இதில் பெரிய லாபம், டிக் மாறியதும் ‘வொர்க்‌ஷீட்_சேஞ்ச்’ நிகழ்வு ஓடுவது. ஃபார்ம் கன்ட்ரோலின் லிங்க் செல் அதைச் செய்யாது. பழைய எக்ஸெல் வைத்திருப்பவருக்கு அனுப்பினால் மட்டும் பெட்டிக்குப் பதில் ட்ரூ, ஃபால்ஸ் என்ற சொற்களே தெரியும்.