வரிசையின் ஓரத்தில் நின்ற பையனைத் தெரியுமா?

வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் என் அக்கா மகள். கையில் போன். திரையில் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி ரிப்பனோடு பத்துப் பதினைந்து ஜப்பானியப் பெண்கள் ஆடிப் பாடுகிறார்கள். "நடுவுல நிக்கிறவங்கள எல்லாருக்கும் தெரியும் மாமா. எனக்கு அந்த ஓரத்துல நிக்கிற அக்காவத்தான் பிடிக்கும்" என்றாள். தூக்கிவாரிப் போட்டது எனக்கு! அவள் சொன்ன அந்த ஓரத்து ஆளின் கதை நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊர்க் கொட்டகைகளில் நடந்திருக்கிறது. அந்தக் கதையின் மூலவர் உறங்குவதும் நம் புதுச்சேரி மண்ணில்தான். தெரியுமா உங்களுக்கு?

முதல் நாள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 7 பேர்!

ஏ.கே.பி. 48. டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் பிறந்த இந்தக் குழு இன்று உலகப் புகழ். 2005 டிசம்பர் 8 அன்று தங்கள் சிறிய அரங்கில் முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது டிக்கெட் வாங்கி வந்த பொதுஜனம் ஏழே ஏழு பேர்தான். மேடையில் நின்ற பெண்கள் அதைவிட அதிகம்! அந்தக் குழுவில் நடு இடத்துக்கு 'சென்டர்' என்று பெயர். புதிதாகச் சேர்பவர் பயிற்சி மாணவி. குழுவை விட்டுப் போவதை அங்கே 'விலகல்' என்று சொல்வதில்லை, 'பட்டம் பெறுதல்' என்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்துப் போவது போல! இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி நம் ஊர்.

நம்மிடம் இருந்தது 'பாய்ஸ் கம்பெனி'!

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சுற்றிய நாடகக் குழுக்கள் பலவற்றில் நடிகர்கள் எல்லாருமே சிறுவர்கள். ராஜாவும் ராணியும் எமனும் நாரதரும் பையன்கள்தான். ஒரே வீட்டில் தூக்கம், ஒரே பந்தியில் சாப்பாடு, விடிந்தால் பாட்டு, பகலில் பாடம், இரவில் நாடகம். 'பாடம்' என்றால் பள்ளிப் பாடம் இல்லை, நாடக வசனமும் பாட்டும். சொல்லிக் கொடுப்பவர் வாத்தியார். எம்.ஜி.ஆரும் அவருடைய அண்ணன் சக்கரபாணியும் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வளர்ந்தது டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில். தமிழ் சினிமா பேசத் தொடங்கியபோது அதற்கு வாய் கொடுத்தவர்களில் பலர் இந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்!

அங்கே பெண் ராஜா, இங்கே பையன் ராணி!

ஜப்பானில் 1914இல் மேடையேறிய தக்கராசூக்கா குழுவில் அத்தனை பேரும் பெண்கள். ஆண் வேடமும் அவர்களே போடுவார்கள். அதைத் தொடங்கியவர் ஒரு ரயில் கம்பெனி முதலாளி. ரயில் போய் நிற்கும் கடைசி ஊருக்குக் கூட்டம் வர வேண்டுமே என்பது அவர் கணக்கு! நம் கும்பகோணத்திலோ பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகம் பார்க்க வரும் கூட்டத்துக்காகவே ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். அங்கே ரயிலுக்காக நாடகம், இங்கே நாடகத்துக்காக ரயில்! பாய்ஸ் கம்பெனியில் இது அப்படியே தலைகீழ். மீசை முளைக்காத பையன் சேலை கட்டி சீதையாக நின்றால் கொட்டகையே கைகூப்பும்.

'சென்டர்' என்பதற்குத் தமிழில் பெயர் இருந்தது!

ராஜபார்ட். அதிலும் முதல் ஆள் 'அயன் ராஜபார்ட்'. பெண் வேடம் 'ஸ்திரீபார்ட்'. திருடன், முரடன் வேடம் 'கள்ளபார்ட்'. சிரிக்க வைப்பவர் 'பபூன்'. இவற்றுக்கெல்லாம் கீழே தோழிகள், சேவகர்கள், கூட்டத்தோடு கோரஸ் பாடும் பொடியன்கள். நோட்டீசில் பெரிய எழுத்தில் ராஜபார்ட்டின் பெயர் வரும். கோரஸ் பொடியனின் பெயர் எந்த எழுத்திலும் வராது. ஆனால் அவன் இல்லாவிட்டால் சீன் நிற்காது!

ஒரே ராத்திரியில் ஒரு முழு நாடகம்!

இந்த உலகத்தின் மூலவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். நாடகத்துக்கு வந்து எமனாகவும் இரணியனாகவும் நடித்துப் பார்ப்பவர்களை நடுங்க வைத்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அங்கே வந்து சேர்ந்த ஆறு வயதுப் பொடியன் டி.கே. சண்முகம். அந்தக் குழந்தைக்கு ஏற்ற வேடம் வேண்டும் என்று சுவாமிகள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரே இரவில், வசனமும் பாட்டுமாக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை முழுதாக எழுதி முடித்தாராம்! சொல்பவர் வேறு யாருமில்லை, அந்தப் பொடியனேதான். வளர்ந்து 'அவ்வை' சண்முகம் ஆன பிறகு தன் வாழ்க்கைக் கதையில் எழுதி வைத்திருக்கிறார்.

'பட்டம் பெறும்' நாளைக் குரல்வளை முடிவு செய்தது!

பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. நேற்றுவரை குயில். இன்று காலை வாயைத் திறந்தால் கரகரப்பு. இதற்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் 'மகரக்கட்டு'. குரல் உடைந்ததும் ஸ்திரீபார்ட் கைமாறிவிடும். பாட்டே உயிரான காலம் அது, பாட முடியாதவனுக்கு மேடையில் என்ன வேலை? ஜப்பானில் பூங்கொத்தும் கண்ணீருமாக ஒரு விழா எடுத்து வழியனுப்புகிறார்கள். இங்கே பல பையன்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பினார்கள். புதுக்கோட்டை பி.யு. சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. சங்கீத சாதகம், குஸ்தி, சிலம்பம், பளு தூக்குதல் என்று இறங்கி, 1940இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடத்தில் வந்து நின்றார்!

சம்பளம் 3 ரூபாய், அதில் அம்மாவுக்கு 2!

நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் மலையாளக் கரையில் பிறந்த ஒரு சிறுவன். சாப்பாடு, தங்கல் போக மாதம் 3 ரூபாய். ஒரு ரூபாயைத் தனக்கு வைத்துக்கொண்டு இரண்டு ரூபாயை அம்மாவுக்கு அனுப்புவான். யார் தெரியுமா? நம்மை எல்லாம் மிரட்டிய வில்லன் எம்.என். நம்பியார்!

இப்போது அந்த ஓரத்துப் பையன்!

திருச்சியில் வளர்ந்த இரண்டு சிறுவர்கள். இருவரும் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனிக்குப் போனார்கள். ஒருவன் கணேசன். சீதையாகத் தொடங்கி, பின்னால் உலகம் வியந்த சிவாஜி ஆனான். அவனைவிட மூன்று வயது மூத்தவன் ராதாகிருஷ்ணன். 1925இல் பிறந்தவன். ஒரே வாத்தியார், ஒரே பந்தி, ஒரே பிரம்பு. ஒருவர் தமிழ் சினிமாவின் நடு இடத்துக்குப் போனார். மற்றவர் ஓரத்தில் நின்றார். எத்தனை வருஷம் நின்றார் தெரியுமா? அறுபது வருஷத்துக்கு மேல்!

ஆரம்பகாலப் படம் ஒன்றில், "காரியம் ஆகணும்னா காக்கா பிடிக்கணும்" என்று யாரோ சொல்ல, நிஜக் காக்கையைப் பிடிக்கவே புறப்பட்டுவிடும் அப்பாவியாக வந்தார். கொட்டகை சிரித்த சிரிப்பில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து காக்கா ராதாகிருஷ்ணன்! 1954இல் 'மனோகரா' வந்தது. சிவாஜி சங்கிலியை இழுத்து வசனத்தில் இடி இடிக்கிறார். அதே படத்தில் வசந்தசேனையின் அசட்டு மகன் வசந்தனாக நம் ராதாகிருஷ்ணன். இடிக்கு நடுவே நாம் மூச்சு விட்டது அவரால்தான்!

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம். 1992. 'தேவர் மகன்'. பெரிய தேவராக சிவாஜி. எதிரே சக்கர நாற்காலியில், பகையை மனசில் சுமந்து உட்கார்ந்திருக்கும் பங்காளி சின்னத் தேவர் யார்? அதே ராதாகிருஷ்ணன்! ஒரே பந்தியில் சோறு தின்ற இரண்டு பையன்கள், கிழவர்களாகி, ஒரே ஃப்ரேமில், அண்ணன் தம்பியாக! வயதில் மூத்தவர் தம்பி வேடத்தில்! இனி அந்தப் படம் டி.வி.யில் வந்தால் அந்தக் காட்சியை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2004இல் 'வசூல்ராஜா'விலும் வந்து புதுத் தலைமுறையைச் சிரிக்க வைத்தார். 2012 ஜூன் 14 அன்று மறையும்வரை அவர் நடிகர்தான். குரல் உடைந்தும், கம்பெனிகள் கலைந்தும், கறுப்பு வெள்ளை போய்க் கலர் வந்தும் மேடையை விட்டு இறங்காத அந்த ஓரத்துப் பையனுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டாமா?

வாத்தியார் நம் மண்ணில் உறங்குகிறார்!

சங்கரதாஸ் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிப் பேச்சைப் பறித்தது. நாடகமே பேச்சாக வாழ்ந்தவருக்குப் பேச்சு இல்லை! அப்போதும் அவர் பையன்களை விட்டுப் பிரியவில்லை, கம்பெனியோடு ஊர் ஊராக வந்தார். அப்படி வந்த ஊர் புதுச்சேரி. 1922 நவம்பர் 13 அன்று இங்கேயே கண்மூடினார். லாஸ்பேட்டைப் பக்கம் கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. வில்லியனூரிலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் வந்து மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். அவர் மறைந்த அன்று அருகில் நின்று அழுத பையன்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

நம் தேருக்கும் இது தெரியும்!

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் பிரம்மோற்சவத் தேரை வந்து பாருங்கள். பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து வரும் வழக்கப்படி இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வரும். ஆனால் மாட வீதி முழுக்கச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து ஓடி, திருப்பத்தில் சரியான நொடியில் முட்டுக்கட்டை போடுகிறாரே ஒருவர், அவர் படம் எந்தப் பேப்பரிலும் வராது. அவர் கை ஒரு நொடி தவறினால் தேர் திரும்பாது.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டாள்: "கருவடிக்குப்பத்துக்கு எந்த பஸ் மாமா?"