வாலாட்டும் தோழன்!

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? அதன் பெயர் என்ன? மணியா, ராமுவா, டைகரா, ஜிம்மியா? நம் ஊர்ப்பக்கம் பத்து வீட்டில் நாய் இருந்தால், மூன்று வீட்டில் 'மணி' என்றுதான் கூப்பிடுவர். எங்கள் திருவதிகை வீட்டிலும் ஒரு மணி உண்டு. பழுப்பு நிறத்தில், ஒரு காது மடிந்திருக்கும் நாட்டு நாய்.

சரி, 1,400 ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் தெரியுமா? சொன்னால் வியந்து போவீர்கள். அதன் பெயர் கோவிவன்!

கல்லில் நிற்கும் கோவிவன்

திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம் எடுத்தனூர் என்றொரு கிராமம். அங்கே ஒரு நடுகல் கிடைத்தது. போரிலோ, கால்நடைகளைக் காக்கும் சண்டையிலோ உயிர்விட்ட வீரனுக்கு நினைவாக நடுவதுதான் நடுகல்.

பல்லவ மன்னர் மகேந்திரவர்மனின் 34வது ஆட்சி ஆண்டில் நடப்பட்ட கல் அது. எங்கள் ஊரோடு நெருங்கிய தொடர்புள்ள அப்பர் பெருமானின் காலத்தில் வாழ்ந்தவர் என்று சொல்லப்படுகிறாரே, அதே மன்னர்தான்! எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம் அந்தக் கல்லில் இருக்கிறது. அவன் அருகிலேயே ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய், இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டே சொல்கிறது.

அரசர்களுக்கும் வீரர்களுக்கும் கல் நட்ட காலத்தில், ஒரு நாயின் பெயரையும் மறக்காமல் செதுக்கி வைத்தார்களே, நம் முன்னோரின் நன்றியுணர்வை என்னவென்று சொல்வது!

செருப்பு திருடும் ரகசியம்

எங்கள் மணிக்கு ஒரு கெட்ட பழக்கம். வாசலில் பத்து ஜோடி செருப்பு கிடந்தாலும், என் செருப்பில் ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு போய்விடும். பலா மரத்தடியில் அதன்மேல் தலை வைத்துப் படுத்திருக்கும். ஏன் தெரியுமா? நமக்குப் பிடிக்காத அந்தச் செருப்பு வாசனை, அதற்குத் தன் மனிதரின் வாசனை!

வாசனையை உணரும் நுண்ணிய ஏற்பிகள் நம் மூக்கில் ஏறக்குறைய 60 லட்சம் உள்ளன. நாயின் மூக்கிலோ இனத்துக்கு ஏற்ப, 10 கோடி முதல் 30 கோடி வரை இருக்கின்றன. பண்ருட்டிப் பக்கம் பலா சீசனில் தோப்புக்குள் போனால்தான் பழம் பழுத்தது நமக்குத் தெரியும். மணிக்கு அது தெருவிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு செய்தி. நமக்குக் கைரேகை போல, நாய்க்கு மூக்கு ரேகை உண்டு. ஒரு நாயின் மூக்கு ரேகை போல இன்னொன்றுக்கு இருக்காது.

வால் பேசும் மொழி

வாலை ஆட்டினால் மகிழ்ச்சி என்றுதானே நினைக்கிறோம்? எப்போதும் அப்படி இல்லை. 2007ம் ஆண்டு இத்தாலி நாட்டு ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து கவனித்தனர். தன்னை வளர்ப்பவரைப் பார்த்ததும் நாயின் வால், அதன் வலப்பக்கம் அதிகம் ஆடியது. அறிமுகமில்லாத, மிரட்டும் நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் அதிகம் ஆடியது. எனவே, தெரியாத நாய் வாலாட்டுகிறதே என்று ஓடிப்போய்த் தொடக் கூடாது.

படுக்கும் முன் நாய் இரண்டு, மூன்று சுற்று சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். காட்டில் வாழ்ந்த அதன் மூதாதையர், புல்லை மிதித்துச் சமமாக்கிப் படுத்த பழக்கத்தின் மிச்சம் அது என்கின்றனர் அறிஞர்கள். சிமென்ட் தரையிலும், கோணிப்பையிலும் கூட மணி சுற்றாமல் படுக்காது!

வெயில் காலத்தில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது ஏன்? நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கு, வாய் ஆகியவற்றின் ஈரம் ஆவியாகும்போதுதான் அதன் உடல் குளிரும். ஆகவே கோடையில் அதற்கு நிழலும், ஒரு சட்டி தண்ணீரும் அவசியம் வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம்

புல் தரையில் சிவப்புப் பந்தை உருட்டிவிட்டால், நாய் கண்டுபிடிக்கச் சிரமப்படும். நீலப் பந்தைப் போடுங்கள், சட்டென்று எடுத்துவிடும். காரணம், நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அதன் காதோ மிகக் கூர்மை. நமக்குக் கேட்காத மெல்லிய கீச்சொலிகளும் அதற்குக் கேட்கும். அப்படிப்பட்ட காதுக்குத் தீபாவளி சரவெடி எப்படி இருக்கும்? அந்த இரண்டு நாட்களும் மணி கட்டிலுக்கு அடியில்தான் குடியிருக்கும். பயத்தில் வீட்டை விட்டு ஓடி, வழி தெரியாமல் தவிக்கும் நாய்களும் உண்டு. நாய்மேல் வெடி வீசுவது விளையாட்டு அல்ல, கொடுமை.

தட்டில் எதைப் போடலாம்?

மீந்த சாம்பாரைச் சோற்றில் ஊற்றி வைப்பது நம் வழக்கம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்துக்குக் கேடு செய்யும். சாக்லேட்டும், திராட்சையும், உலர்ந்த திராட்சையும் கூட அதற்கு நஞ்சு. பிறந்தநாள் கேக்கை ஆசையாக ஊட்டிவிடாதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு, ஊசி போல் உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். காரமில்லாத சாதத்துடன் வேகவைத்த முட்டை அல்லது எலும்பு நீக்கிய இறைச்சி கலந்து கொடுக்கலாம்.

மறைக்கவே கூடாத ஒன்று

செல்லங்களே, இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள்.

விளையாடும்போது நாயின் பல் பட்டுவிடும். 'அம்மா திட்டுவாங்க, மணியை விரட்டிடுவாங்க' என்று பயந்து, சில பிள்ளைகள் சொல்லாமல் மறைத்துவிடுவர். அது மிகப்பெரிய ஆபத்து. வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால், உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால், உடனே ஊசி போட்டால் முழுமையாகத் தடுத்துவிடலாம்.

கடித்தாலும், கீறினாலும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் தடவக் கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்லி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடும் காலமெல்லாம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுவர். முதல் ஊசியோடு நின்றுவிடாமல், மருத்துவர் சொல்லும் தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

1885ம் ஆண்டு ஜூலை 6ம் தேதி, லூயி பாஸ்டர் தன் மருந்தை முதன்முதலில் செலுத்தியது, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத்தான். அவன் பிழைத்தான். அந்தச் சிறுவனுக்கு உங்கள் வயது! பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஐத்தான் இன்று உலக வெறிநாய்க்கடி தினமாக அனுசரிக்கிறோம். நம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனமும் 1907ம் ஆண்டு முதல் இந்நோயை எதிர்த்துப் பணியாற்றி வருகிறது.

நாய்க்கும் மூன்று மாதக் குட்டியிலேயே தடுப்பூசி தொடங்கி, ஆண்டுதோறும் போட வேண்டும்.

குட்டி வாங்கும் முன்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி... இவையெல்லாம் நம் தமிழ் மண்ணின் நாய் இனங்கள். 2005ம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை, ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது. பனிப்பிரதேசத்து நாயை வாங்கி, நம் ஊர் வெயிலில் வாட்டுவதைவிட, நாட்டு நாய் நமக்கு ஏற்றது. தெருவில் பிறந்த குட்டியும் அன்பில் எதற்கும் குறைந்ததல்ல.

ஆனால், ஒன்றை யோசியுங்கள். நாய் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். நீங்கள் ஐந்தாம் வகுப்பில் தூக்கி வரும் குட்டி, நீங்கள் கல்லூரி முடிக்கும்போது கிழமாகியிருக்கும். கண் மங்கும், காது கேட்காது, மாடிப்படி ஏற முடியாது. குட்டியாக இருந்தபோது கொஞ்சிவிட்டு, வளர்ந்ததும் ஊர் எல்லையில் கொண்டுபோய் விடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த நாய், விட்ட இடத்திலேயே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, குட்டி வேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடிக்கும் முன், காலையில் எழுந்து அதை வெளியே அழைத்துப் போவது யார், தண்ணீர் வைப்பது யார், ஊசித் தேதியைக் காலண்டரில் குறிப்பது யார் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். 'நான் செய்வேன்' என்று சொல்லும் துணிவு வந்துவிட்டதா? அப்படியானால், குட்டிக்குப் பெயர் தேட ஆரம்பிக்கலாம். மணி, டைகர் எல்லாம் வேண்டாம். 'கோவிவன்' என்று வைத்துப் பாருங்களேன்!